நல்ல நாள் கூலி

காப்பித் தோட்டத்துல ஒரு நாளைக்கு என்ன கூலின்னு யார் கேட்டாலும் நாங்க நெறையப் பறிச்ச நல்ல நாள் கூலியத்தான் சொல்லுவோம். குறைச்சுச் சொன்னா, கிழவிக்குக் கை ஓஞ்சு போச்சுன்னு மேஸ்திரி அடுத்த வாரம் கூப்பிட மாட்டார். எனக்கு இன்னும் ஓயல. எடை போடுறப்போ என் மூட்டைதான் கனம்.

அந்தப் பழக்கமே என்னைக் கவுத்துச்சு.

மாசியில மிளகு பறிக்க ஏணியில ஏறின எங்க வீட்டுக்காரர் விழுந்து, இடுப்பெலும்பு ஒடைஞ்சு, மலைக்குக் கீழ ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்குன்னு தைரியமா நின்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "புதுப்பிக்கலியே பாட்டி. புது வருமானச் சான்று கொண்டாங்க, அப்புறந்தான் ஆபரேசன்"னா. புதுப்பிக்கணும்னு எங்களுக்கு யார் சொன்னா?

பஸ் ஏறி ஊருக்கு வந்து, வெள்ளனே வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல நின்னேன்.

"ஒரு நாளைக்கு என்ன கூலிம்மா?"

வாய் நல்ல நாள் கூலியைச் சொல்லிருச்சு. அவர் அதை வருசம் முழுசுக்கும் பெருக்கிட்டார். சான்று வரவே நாலு நாள் ஆச்சு. கொண்டு போய் நீட்டினா, "வருமானம் வரம்பைத் தாண்டுதே பாட்டி, அட்டை கிடையாது"ங்குது அந்தப் பொண்ணு.

வீட்டுக்காரர் வலியோட வலியா சிரிச்சார். "ஏ புள்ள, பணக்காரியையா கட்டியிருக்கேன்? இத்தனை வருசம் மறைச்சிட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரல. திரும்ப மலையேறினேன்.

"நீங்க சொன்னதைத்தானம்மா எழுதினேன்"னார் வி.ஏ.ஓ. "கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்? கொறைக்க மாட்டேன். முழுசாக் கேளுங்க. மார்கழி, தை காப்பி. மாசி, பங்குனி மிளகு. அப்புறம் களைவெட்டு கெடைச்சா உண்டு. ஐப்பசி மழையில எவன் எனக்குக் கூலி குடுத்தான்? அதையும் எழுதுங்க."

பின்னால நின்னவர், "வெரசா விடுங்க பாட்டி"ன்னார்.

"என் சோலி முடியட்டும்யா. அங்க ஒரு மனுசன் பொரளக்கூட முடியாமக் கெடக்கார்."

மாசம் மாசமா எழுத வச்சேன். கீழ கையெழுத்து நானே போட்டேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்து அவ்வளவுதான்.

அட்டை வந்துச்சு, ஆபரேசனும் ஆச்சு. பதினோரு நாள் கழிச்சு! இப்போ கம்பு ஊனி நடக்கார். வீட்டுக்கு வர்றப்போ அந்தப் பொண்ணுகிட்ட, "மறுபடி எப்போ புதுப்பிக்கணும்?"னு கேட்டேன். "போன்ல மெசேஜ் வரும் பாட்டி"ன்னா. எங்க மேட்டுல சிக்னலே கிடையாது. வந்தாலும் யார் படிக்கிறது?

அதனால வருசா வருசம் காப்பி பறிப்பு முடிஞ்ச மறுநாளே நான் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல நிப்பேன். போ போன்னாலும் போக மாட்டேன்.