மரப்பெட்டி இல்லாமல் மெட்ராஸ் கண்காட்சிக்குப் போன கதை

கண்காட்சியில் ஸ்டால் போடப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பெட்டி எடுத்துட்டுப் போகணும் ஆன்ட்டி?" என்பதுதான். ஒன்றுகூட வேண்டாம் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், ஆம்பூரிலிருந்து மெட்ராஸுக்கு நாங்கள் மூன்று பேர் போன பயணம் இது. கொஞ்சம் பெருமைக்காகவும் எழுதுகிறேன். இதில் எனக்கென்ன கூச்சம்?

அப்போது நான் ஆம்பூரில் ஒரு சின்ன ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். முதலாளி கரீம் பாய். முந்தின வருஷம்தான் அவர் முதல்முறையாகத் தோல் கண்காட்சிக்குப் போனார். லாரி பிடித்து, மரப்பெட்டி மரப்பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனார். கிடைத்த ஸ்டாலோ ஆறடிக்கு எட்டடி. காலிப் பெட்டிகளை வைக்க வேறு இடம் தரவில்லை. பாதி ஸ்டாலைப் பெட்டிகளே அடைத்துக்கொண்டன. வந்தவர்கள் உள்ளே கால் வைக்க முடியாமல், வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். கடைசி நாளில் வைக்கோல், தெர்மோகோல், கிழிந்த அட்டை என்று முழங்கால் உயரத்துக்குக் குப்பை. அதை அள்ளவே தனியாக ஆள் பிடித்திருக்கிறார். ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. மனுஷர் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுவருஷம் பேச்சு வந்தபோது, "இந்தத் தபா பெட்டியே வேணாம் பாய்" என்றேன்.

"இன்னா பேசற? டப்பா இல்லாம ஷூ வெச்சா பாக்கறவன் இன்னா நினைப்பான்? பிளாட்பாரத்துல விக்கறவன்னு நினைப்பான்."

"ஒரே ஒரு டப்பா எடுத்துக்கலாம். நம்மகிட்டயும் டப்பா இருக்குன்னு காட்டறதுக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முதலாளி முதலாளிதானே. "சரி, நீயே வா. ஸ்டாலை நீயே பாத்துக்கோ. சொதப்பிச்சுன்னா அடுத்த வருஷம் மறுபடியும் லாரி, மறுபடியும் பெட்டி. அப்புறம் நீ மிஷினை விட்டு நகரக் கூடாது" என்றார். அதுவரை எங்கள் கம்பெனியிலிருந்து எந்தப் பெண்ணும் ஸ்டாலில் நின்றதில்லை. எனக்கு அந்த ஸ்டால் வேண்டும். அவ்வளவு ஆசை.

என் யோசனைக்குக் காரணம் என் பிறந்த வீடு. நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். எங்கள் ஊர் லுங்கி வியாபாரிகள் என்றைக்காவது பெட்டி தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு துணியை விரித்து, சரக்கை அடுக்கி, நாலு முனையையும் எதிரெதிராக இழுத்து முடிந்து, தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். போன இடத்தில் அதே துணிதான் கடை விரிப்பு. கிளம்பும்போது அதுவே மறுபடியும் மூட்டை. குப்பை எங்கிருந்து வரும்?

அதையே ஷூவுக்குச் செய்தோம். குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், தறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய லுங்கிகளைக் கொடுத்தார். ஷூ நசுங்காமல் இருக்க எல்லாரும் உள்ளே காகிதத்தைக் கசக்கித் திணிப்பார்கள். நாங்கள் கட்டிங் பிரிவில் விழும் தோல் துண்டுகளைத் திணித்தோம். ஸ்டாலுக்குப் போனதும் அந்தத் துண்டுகளே கலர் சாம்பிள். கேட்பவர்களுக்குக் கையில் கொடுத்துவிடலாம். லுங்கி மேஜை விரிப்பாகிவிடும். திரும்பி வரும்போது மிச்சம் எதுவும் இருக்காது. நினைக்கவே ஜாலியாக இருந்தது.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் ஷகிலா. தையல் பிரிவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குத் தோஸ்த். காலை ரயிலில் ஏறினோம். ஆம்பூரிலிருந்து சென்ட்ரல் நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். குடியாத்தம், காட்பாடி, அரக்கோணம் வழியாக அப்போது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். ரெண்டே மூட்டை. சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். காட்பாடி தாண்டியதும் பிடித்தது மழை. ஜன்னலை இறக்கியும் சாரல் உள்ளே வந்தது. மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனோமே தவிர, கீழே குனிந்து பார்க்கவில்லை.

சென்ட்ரல் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, லுங்கி வியாபாரமா?" என்றார். கரீம் பாய் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "ஷூ வியாபாரம்ப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. எட்டு ரூபாய் கேட்டவரிடம் பேசி ஐந்துக்கு முடித்தோம்.

மத்தியானம் ஸ்டாலில் மூட்டையைப் பிரித்தேன். ரயில் பெட்டியின் தரையில் ஓடிய மழைத்தண்ணீர் ஒரு மூட்டையின் அடியில் ஊறியிருக்கிறது. புது லுங்கி முதல் தண்ணியில் சாயம் விடும் என்று குடியாத்தத்துக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் மேஜை விரிப்பு கஞ்சி விறைப்போடு மொடமொடவென்று இருக்க வேண்டும் என்று, ஒருதடவைகூட அலசாமல் அப்படியே கட்டிவிட்டோம். சிவப்புச் சாயம் இறங்கி, க்ரீம் கலர் லேடீஸ் ஷூவின் இடது காலில் வெளிப்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக அப்பியிருந்தது. வலது கால் மட்டும் எப்படியோ தப்பித்தது.

அந்தக் கலரில் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். மறுநாள் காலையில் சரக்கு பார்க்க வருவதாக ஏஜெண்ட் மூலம் சொல்லியிருந்த வெளிநாட்டுக்காரர் கேட்டதும் லேடீஸ் ஷூதான். கரீம் பாய் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேஜாராப் போச்சு. தூக்கிப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஷகிலா அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தைத்தது. ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. பிறகு உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டே, "உள்ளே எவ்ளோ நல்லா இருக்கு பாரு. வெளிய பாக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போவுது?" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. "தெரியற மாதிரி வெட்டிட்டா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டது லேசான காரியம் இல்லை. தான் தைத்ததைத் தானே வெட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். "வெட்டு. எந்தத் தையலைக் காட்டவும் எனக்கு வெக்கம் இல்ல."

மேல்தோலைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்தோம். அடிப்பாகத்துக்கும் குதிகாலுக்கும் பக்கத்து ஸ்டாலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் ரம்பம் கேட்டோம். "நல்ல ஷூவை ஏம்மா அறுக்கறீங்க? வூட்ல சண்டையா?" என்று கேட்டவர், கடைசியில் தானே அறுத்துக் கொடுத்தார். சாயம் பட்ட பாதியை ஒதுக்கிவிட்டு, சுத்தமான பாதியை முழு ஷூவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். உள்தோல், நடுவில் வைத்த அட்டை, வளைவில் வரிசை பிசகாமல் ஓடும் தையல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு வேலையையா இத்தனை நாள் மூடி மூடி அனுப்பிக்கொண்டிருந்தோம்!

டீ குடித்துவிட்டு வந்த கரீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! தூக்கிப் போடச் சொன்னா அறுத்து வெச்சிருக்கீங்களே!"

மறுநாள் காலை அந்த வெளிநாட்டுக்காரர், மெட்ராஸ் ஏஜெண்டோடு வந்தார். மற்ற ஸ்டால்களில் டப்பாவைத் திறந்து, காகிதத்தை விலக்கி, ஷூவை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஸ்டாலில், பேருக்கு வைத்த அந்த ஒரு டப்பாவைத் தவிர, திறக்க ஒன்றுமில்லை. நேராக உள்ளே வந்தார், ஏனென்றால் வர இடம் இருந்தது. அறுத்த ஷூவைக் கையில் எடுத்தார். தையல்மேல் விரலை வைத்துக் குதிகாலிலிருந்து மூக்குவரை தடவிப் பார்த்தார். பிறகு ஏஜெண்டிடம் ஏதோ கேட்டார்.

"இதைத் தச்சது யாருன்னு கேக்கறாரு" என்றார் ஏஜெண்ட்.

ஷகிலா ஓரடி முன்னால் வந்து நின்றாள். அந்த மனிதர் அவளிடம் கையை நீட்டினார். அவள் கைகூப்பிக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. க்ரீம் கலர் தோல் துண்டை அவர் கையில் கொடுத்தேன். அதை மடித்துப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஏஜெண்ட் மட்டும் திரும்பி வந்தார், ஆர்டரோடு. எங்கள் கம்பெனிக்கு வந்த முதல் வெளிநாட்டு ஆர்டர்.

கடைசி நாள் பக்கத்து ஸ்டால்களில் எல்லாம் வைக்கோலும் அட்டையும் மலையாகக் கிடந்தன. துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பணிப் பெண், எங்கள் ஸ்டாலை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உங்களுக்கு வியாபாரமே ஆவலையா?" என்று பாவப்பட்டுக் கேட்டார். குப்பை இல்லாத கடையில் வியாபாரம் நடந்திருக்காது என்று அவருக்குக் கணக்கு. ஷகிலா விழுந்து விழுந்து சிரித்தாள். சாயம் பட்ட பாதி ஷூவைக்கூட நாங்கள் எறியவில்லை. புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குக் காட்ட ஊருக்குக் கொண்டுபோய்விட்டோம்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் சில விஷயம். துணியில் கட்டுவதானால் புதுத் துணியைச் சாயம் போகிற வரைக்கும் அலசுங்கள். எத்தனை அலசு என்று கேட்காதீர்கள், தண்ணீர் தெளிகிற வரைக்கும். வெளிர் நிறச் சரக்கை வெள்ளைத் துணியில்தான் சுற்றணும். மூட்டையை ரயில் தரையில் வைக்காதீர்கள், மேல் பலகையில் ஏற்றுங்கள். ரெண்டு பேர் தூக்க முடியாத சுமை வேண்டாம். காலிப் பெட்டி வைக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். கட்டுகிற ஒவ்வொரு பொருளையும், போன இடத்தில் இது எதற்கு ஆகும் என்று ஊரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசிக்கு முன்னால், பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெரிய முதலாளி எங்கள் கம்பெனிக்கு வந்தார். எத்தனை பெட்டி, எந்த லாரி, எப்போது கிளம்பணும் என்று கரீம் பாயிடம் விசாரித்தார். நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கரீம் பாய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னை இன்னா கேக்கறீங்க? ஸ்டால் அவங்களோடது. அவங்களைக் கேளுங்க. நான் டிக்கெட் எடுத்துக் குடுக்கறவன் மட்டும்தான்."