கழற்றிவைத்த ரெசிஸ்டர்

வால்வு ஆம்பிளிஃபயரைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். "வாத்தியாருக்க முன்னால நிக்குத மாதிரி உண்டு" என்று மனைவி கேலி செய்வாள். கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் சிவக்கும்வரை காத்திருந்து பாட்டுக் கேட்கிற பைத்தியம் எனக்கு. பாடுகிறவர் மூச்சிழுப்பதுகூட அதில் கேட்கும். கேட்கிறது என்று இன்றும் சண்டை போடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு வோல்டேஜ் அளந்தேன். சுவிட்சை அணைத்தேன். வாசலில் மீன்காரி கூப்பிடவும் எழுந்து போனேன்.

திரும்பி வந்தால், மனைவியின் அண்ணன் பெட்டிமேல் குனிந்து நிற்கிறார். வளைகுடாவில் இருபது வருடம் கட்டட வயரிங் செய்தவர். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தார். ஒரு கை இரும்புச் சட்டத்தில் ஊன்றியிருந்தது. மற்றது உள்ளே விலகிக் கிடந்த வயரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த வயர் போய்ச் சேரும் கபாசிட்டரில் நானூறு வோல்ட் தங்கி நிற்கும். வீட்டு வயரிங்கில் அப்படியொரு சங்கதி கிடையாது.

கத்தினால் திடுக்கிட்டுத் தொட்டுவிடுவார்.

"மச்சான்" என்றேன், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "அனங்காதீங்க. கைய அப்படியே வச்சிருங்க."

"எலே, பிளக்கு ஊரியாச்சு. பின்ன என்னத்துக்குப் பேடிக்குத?" கை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

"உள்ள கரண்டு உண்டு மச்சான். மெதுவா பின்னால வாங்க."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை நான் கபாசிட்டர் முனையும் சட்டமும் சேர்ந்து தொடும்படி வைத்தேன். படாரென்று வெடித்து அதன் முனை கருகியது. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அணைத்த பிறகு அந்த மின்சாரத்தை வடித்துவிடுவதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டு நாளைக்கு முன்பு அதை நானேதான் வெட்டி எடுத்திருந்தேன். அது இருந்தால் பாட்டில் தெளிவு குறையும் என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். படித்தவன் புத்தி, நம்பினேன். மச்சான் தப்பிய அன்று மத்தியானமே அதைத் திரும்பப் பற்றவைத்துப் பாட்டுப் போட்டுக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

மச்சானிடம் உள்ளதைச் சொல்லிவிட நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறப்போட்டேன். அதற்குள் அவர் எங்கள் ஊரான குன்னத்துகால் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்: "அளியன் மட்டும் இல்லேண்ணா நான் இண்ணு கல்லறையிலயாக்கும்."

அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். "தன் உயிரைக் காத்த தங்கை கணவருக்காக" என்று ஆயர் வாசித்து, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி, எழும்புங்க என்று கண்ணைக் காட்டினாள்.

எழுந்து நின்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. எல்லாரையும்விட ஓங்கிக் கேட்டது மச்சானின் குரல்தான்.