சென்சாரை அரித்த உப்பு

எண்பதுகளில் ஆலங்காயத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். வாணியம்பாடிப் பணக்காரர் ஒருவர் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரில் அடிக்கடி ஜவ்வாது மலைக்குப் போவார். திரும்பிய மறுநாள், எஞ்சின் வரை கழுவித் துடைத்த கார் என்னிடம் வரும். எஞ்சின் சூட்டைக் காட்டும் சென்சார் செத்திருக்கும். புது சென்சார் போட்டேன், ஒயரை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன், பலனில்லை.

"இன்னா மேஸ்திரி, நீ போடுற எதுவும் நிக்க மாட்டேங்குதே?" என்று ஆட்கள் முன்னால் கேட்பார். எனக்கு மானம் போகும். ஆனாலும் கிளம்பும்போது, "மலை ஆட்டு உப்புக்கண்டம், வூட்ல குடு" என்று ஒரு பொட்டலம் தருவார். வீட்டில் எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டோம்.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போதே எஞ்சின் கொதித்துவிட, கார் நேராக ஷெட்டில் வந்து நின்றது. அவர் தடுப்பதற்குள் பானெட்டைத் தூக்கினேன். குப்பென்று வாடை. எஞ்சின் ஓரமாக ஒரு கோணி மூட்டை கட்டியிருந்தது. ரத்தமும் உப்பும் கலந்த தண்ணீர் அதிலிருந்து சென்சார் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சென்சாரின் முனை அரித்துப் பச்சை பூத்திருந்தது. கோணிக் கிழிசலில் புள்ளிமான் தோல் தெரிந்தது.

"செக்போஸ்ட்ல டிக்கிய மட்டும்தான் பாக்குறானுங்க," என்று சிரித்தார். "சென்சார் மேல ஒரு தகரம் அடிச்சுக் குடு, போதும்."

"வேற ஷெட்டப் பாருங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு மொறைக்கிற? உன் வூட்லயும் இத்தத்தான துன்னீங்க?"

அன்று ராத்திரி வரை வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். அவர் முகம்கூட மறந்துவிட்டது. அந்தக் கறி ருசியாக இருந்தது என்பதை மட்டும் என் நாக்கு இன்னும் மறக்கவில்லை.