பால் கட்டிய சாயங்காலம்

அகல்யா செக்காலை ரோட்டில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறாள். பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து வந்தால் வேலை இருக்கும் என்றார்கள். அதற்கு மேல் வீட்டில் உட்கார வழியில்லை. மகன் தேவாவைச் சாக்கோட்டையில் அடுத்த வீட்டு அக்கா பாண்டீஸ்வரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அக்காவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பாட்டிலைக் கொதிக்கவைத்து, பவுடரைக் கரண்டி மட்டமாக அளந்து, வேளை தவறாமல் புகட்டினாள். தேவா கொழுகொழுவென்று ஆனான். எடை போட்ட நர்ஸ்கூட மெச்சினார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அகல்யாவுக்குத்தான். சாயங்காலம் ஆசையாய் மடியில் போட்டால், வயிறு நிறைந்த துரை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பாலைப் பீச்சிப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னார் நர்ஸ். சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம். கடையில் அதற்கு ஒரு மறைவான மூலை வேண்டுமே. கடை பிரிட்ஜ் முழுக்கக் கல்யாண வீட்டார் குடிக்கும் கூல்டிரிங்ஸ்.

அன்று தேவகோட்டையிலிருந்து முகூர்த்தச் சேலை எடுக்க வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை வீறிட்டது. அவள் அங்குமிங்கும் பார்த்தாள். அகல்யா ஒரு கண்டாங்கிச் சேலையை உதறி விரித்துத் திரை போலப் பிடித்தாள். "சும்மா குடுங்கக்கா, நான் மறைச்சுக்கிறேன்" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். இந்தப் பக்கம் அகல்யாவின் ரவிக்கை நனைந்தது. தன் பிள்ளை அப்படிக் குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிச் சீக்கிரம் போக அனுமதி வாங்கினாள். அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, சாயங்காலப் பாட்டிலக் குடுத்துராத. நானே வந்து குடுக்கிறேன்."

"சரிடி. அழுதா என்னால தாங்க முடியாது, வெரசா வா."

பஸ்ஸில் பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கனத்தது. வாசலில் நுழையும்போதே தேவாவின் பசி அழுகை கேட்டது. அந்த அழுகை அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. கையை நீட்டினாள்.

அக்கா பிள்ளையோடு பின்னால் நகர்ந்தாள். "வெயில்ல வந்தவ அப்படியே குடுப்பியா? சூட்டுப்பாலு பிள்ளைக்கு ஆகாது. மேலுக்கு ஊத்திட்டு, கட்டுன பாலப் பீச்சிட்டு வா."

அகல்யாவின் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். ஊரே அப்படித்தான் செய்யும். அகல்யாவுக்கும் பயம் இருந்தது. அவசரமாகக் குளித்தாள். கட்டிய பால் லேசில் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பீச்சினாள். நாளெல்லாம் மகனுக்காக ஊறியது சாக்கடையில் போயிற்று. வெளியே அழுகை சட்டென்று நின்றது.

ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அக்காவின் தோளில் தேவா ஏப்பம் விட்டான். பக்கத்தில் காலிப் பாட்டில்.

"துடிச்சுப் போயிட்டான்டி. எனக்கு மனசு கேக்கல" என்றாள் அக்கா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

தேவா அம்மாவைப் பார்த்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"நாளைக்குக் குளிக்க மாட்டேன். சூடோ கீடோ, வந்ததும் குடுத்துருவேன்" என்றாள் அகல்யா.

அக்கா பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு ஒங் கடையில முகூர்த்தக் கூட்டம்டி. நீ வாரப்ப அவன் தூங்கிருப்பான்."