ஆற்காட்டுக்குப் போன ஆறு டம்ளர்கள்

கண்ணாடிப் பொருளைப் பேருந்தில் உடையாமல் கொண்டுபோக முடியுமா? முடியும். இந்தச் சனிக்கிழமை, நானே வண்ணம் தீட்டிய ஆறு கண்ணாடி டம்ளர்களை ஆம்பூரிலிருந்து ஆற்காட்டுக்குத் தனியாகக் கொண்டுபோனேன். எட்டு மாதம் முன்பு அக்கா வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விட்டாள். அப்பா அவள் பெயரையே எடுப்பதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பரிசுகூடப் போகவில்லையே என்று எனக்கு உறுத்தல். சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடலாம். அதனால்தான் எல்லோரும் தூங்கியபின் அம்மாவின் போனில் எழுதுகிறேன்.

டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்தபின் வரையுங்கள். வாய் வைக்கும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வண்ணம் வேண்டாம். அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்வதால் எங்கள் வீட்டில் டப்பாவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு டம்ளரையும் துவைத்த சாக்ஸுக்குள் நுழைத்து, பெரிய பூட்ஸ் டப்பாவில் அடுக்கினேன். குலுக்கினாலும் சத்தமில்லை.

காலை 8.10க்குப் பேருந்து. வேலூர் ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். டப்பாவை மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்:

"இன்னாம்மா, ஷூவா?"

"கண்ணாடிங்க."

"கண்ணாடில ஷூவா! ஜாஸ்தி நடந்துடாத."

வேலூரில் 9.35க்கு இறங்கி ஆற்காடு பேருந்து பிடித்தேன். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். 10.40க்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து பத்து நிமிட நடை.

கதவைத் திறந்தவர் அக்காவின் மாமியார். "ஆம்பூர்லருந்து வர்றேன் அத்தை. எங்க வீட்டுப் பரிசு" என்று டப்பாவை நீட்டினேன். மேலே பூட்ஸ் படம். அவர் முகம் இறுகிவிட்டது.

"எட்டு மாசம் கழிச்சி உங்கப்பா செருப்பா அனுப்பறாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்பூரில் ஷூ டப்பாவில் கரண்ட் பில் இருக்கும், கல்யாண போட்டோ இருக்கும், புளிகூட இருக்கும். மேலே உள்ள படத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் அக்காவும் அவர் பின்னால் வந்து நின்றாள்.

"தொறந்து பாருங்க அத்தை."

முதலில் வந்தது சாக்ஸ். என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு உள்ளே கை விட்டு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா, கோழியா?"

"மயில் அத்தை."

அக்கா சிரித்துவிட்டாள். "ஆம்பூர்க்காரி வரைஞ்சா கோழிதான் வரும். பிரியாணி நெனப்பு."

அத்தை அந்த டம்ளரிலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது அதைக் கழுவி, அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடாவை நிறையப் போட்டு, டம்ளர் வாயைக் கட்டி டப்பாவில் வைத்தார்.

"காலி டப்பாவத் திருப்பித் தரக்கூடாது. உங்கப்பாவுக்கு நான் குடுத்தேன்னு சொல்லு."

"அய்யோ, வேணாம் அத்தை" என்ற அக்கா என் பக்கம் திரும்பி, "பஸ்லயே தின்னுடுடி" என்றாள்.

12.15க்கு ஏறி, 2.45க்கு வீட்டில் இருந்தேன். சாக்ஸ் நல்ல யோசனை, தைரியமாகச் செய்யுங்கள். ஆனால் டப்பாவின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டாமல் பரிசை நீட்டாதீர்கள். மக்கன் பேடா இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று அத்தை சொன்னார்.

நான் பேருந்தில் தின்னவில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுந்து டீ போடுவது அப்பா, சரியாக ஐந்து மணிக்கு. டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் கோழி டம்ளரை வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி 4.20.