களைக்கொத்து பட்ட கெண்டி

என் தாய்மாமா பொய் சொல்கிறார். பூம்புகார் அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்கெண்டியைத் தன் அக்காதான் தோண்டி எடுத்தாள் என்று சிதம்பரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அது உண்மை. "அதை உலகத்துக்குச் சொன்னதே நான்தான்" என்று கூடவே சேர்த்துக்கொள்கிறாரே, அதுதான் பொய். அன்றைக்கு அங்கே நானும் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

மாமாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரையும் புதிதாக வந்த அத்தையையும் ஊர் சுற்றிக் காட்ட மாமா சிதம்பரத்தில் ஒரு வேன் பிடித்தார். குமராட்சிக்கு வந்து என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். அறுப்பு நேரம் என்பதால் அப்பா வரவில்லை. அம்மா தன் ஒரே பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். பழைய பானைகளைப் பார்க்க எதற்குப் பட்டு என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா பிறந்த ஊர் பூம்புகாருக்குப் பக்கம்தான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே அகழாய்வுக்குக் குழி தோண்டியபோது தினக்கூலிக்குப் போனவள். அதுவரை அதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

உள்ளே நுழைந்ததும் மாமனார் ஒவ்வொரு அட்டையையும் வகுப்பு எடுக்கிற மாதிரி உரக்க வாசித்தார். கூடத்தின் நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. உள்ளே மூக்கு வைத்த கெண்டி. அம்மா அந்தப் பெட்டியின் வாசல் பார்த்த பக்கத்திலேயே நின்றுவிட்டாள். விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"தம்பி, இது நான் எடுத்தது."

மாமா பெரிதாகச் சிரித்தார். "அக்கா, சும்மா இரு. இதெல்லாம் படிச்ச ஆபீசருங்க எடுக்கறது. நீ எங்கனா சந்தையில பாத்திருப்ப."

மாமனார் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. அக்கா கொஞ்சம் ஜாஸ்தி பேசும்."

அத்தை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரித்ததால் நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா" என்று காவலுக்கு இருந்தவர் அதட்டினார். அம்மா விரலை எடுத்தாள். பிறகு மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் இன்னும் அந்தப் பக்கம் போவல, மாமா. நீங்க போயிப் பாருங்க. மூக்குக்கு நேர் பின்னாடி, அடிவயித்துல, நெல்லு நீளத்துக்கு ஒரு வெட்டு இருக்கும். என் களைக்கொத்து பட்டது."

"களைக்கொத்தா? அத யாரும்மா அங்க எடுத்தாரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவுங்க ஒரு சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும் குடுத்தாங்க. சோறு அள்ளிப் போடற மாதிரி இருந்திச்சி, கைக்கு ஒண்ணுமே தெரியல. கடலக் கொல்லையில வேர் அறாம களை வெட்டற கை இது. மறுநாளு கூடைக்கு அடியில களைக்கொத்த ஒளிச்சி எடுத்துனு போயிட்டேன். சுத்தி இருந்த மண்ண எல்லாம் பதனமாத்தான் எடுத்தேன். கடைசிக் கொத்து இதும்மேல பட்டுடிச்சி. வேலையவுட்டு நிறுத்திடுவாங்கன்னு ஈரமண்ண அப்பி மூடிட்டேன்."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைச் சுற்றிப் போனார். குனிந்தார். காவலரும் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மாப்ள, இருக்குது."

"எது மாமா?"

"வெட்டுதான். அப்படியே சொல்றாங்க. வந்து பாருங்க."

மாமா போகவில்லை. செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அது அடிக்கவே இல்லை.

"அப்ப இந்தம்மா மேலதான் கேஸ் போடணும்" என்று காவலர் சிரித்தார். நான் அதை நிஜமென்று நம்பி, அம்மாவின் பட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

திரும்பும்போது மாமனார் அம்மாவை வேனில் முன்சீட்டில் உட்காரச் சொன்னார். கொள்ளிடம் பாலம் வரும்வரை அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எந்த ஆழத்தில் மணல் வரும், மண்ணின் நிறம் மாறினால் ஏன் உடனே கையை நிறுத்த வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மா சொல்லச் சொல்ல, தலைமையாசிரியர் முன்சாய்ந்து கேட்டார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து அம்மாவின் பின்தலையையே பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. போங்கடி என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் கடலூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அம்மா வந்திருந்தாள். அந்தக் குழியில் வேலை செய்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"உங்க மாமாதான். மத்தியானம் பள்ளிக்கூடம் வுட்டதும் தூக்குல சோறு கொண்டாருவான். நான் துன்னு முடிக்கிற வரைக்கும் குழி ஓரத்துலயே குந்திக்கினு இருப்பான். அந்தக் கெண்டி வெளிய வந்தப்பகூட அங்கதான் இருந்தான்."

சொல்லிவிட்டு அம்மா கீரை ஆயப் போய்விட்டாள்.

மாமா நம்பாமல்தான் சிரித்தார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் தெரிந்தே சிரித்திருக்கிறார். புது மாமனார் முன்னால் மண் சுமந்தவளின் தம்பியாக நிற்க அவருக்குக் கூசியிருக்கிறது. அம்மாவுக்குச் சாட்சி கையெட்டும் தூரத்தில் நின்றது. "நீதானடா சோறு கொண்டாந்த?" என்று ஒரு வார்த்தை போதும். அவள் கேட்கவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்காமல், அத்தனை வருடம் மறைத்து வைத்திருந்த தன் தப்பை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தாள். ஒன்பது வயதில் எனக்கு அந்த வெட்டு மட்டும்தான் தெரிந்தது.

அம்மா கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன். மாமா, தை பிறந்ததும் சிதம்பரத்தில் நீங்கள் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். உங்கள் மாமனார் வருவார், உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பந்தி போடுவதற்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு என் அம்மாவைப் பார்த்து எதற்குச் சிரித்தீர்கள்?