பசுந்தாங்கில் பார்த்த துருக்கிக் கம்பளம்

ரங்கூனுக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை, சந்தேகப்படப் போனேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். சென்னையில் ஒரு கம்பளக் கடையில் பழைய சரக்கைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் வேலை. போன வருஷம் நான் அசல் பழசு என்று சத்தியம் செய்து விற்ற துருக்கிக் கம்பளத்தில் ஒரு வக்கீல் வீட்டில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து, அவர் வெள்ளை வேட்டி சிவப்பாகிவிட்டது. "இன்னொரு தடவை ஏமாந்தா கடைப் படி ஏறாதே" என்றார் முதலாளி. இந்த நிலையில்தான், 1926 மாசியில், ரங்கூனிலிருந்து சேகு மரைக்காயர் என்பவர் எழுதிய கடிதம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழுகை விரிப்பு, விலை முந்நூறு ரூபாய், ஹஜ்ஜுக்குப் போவதால் விற்கிறேன் என்று எழுதியிருந்தார். அசலென்றால் அந்த விலை மலிவு. மலிவென்றாலே எனக்குச் சந்தேகம்.

கப்பலில் டெக் டிக்கெட் பதினைந்து ரூபாய், நாலு நாள். காலை எட்டு மணிக்குத் துறையில் இறங்கினேன். மரைக்காயர் இருக்கும் பசுந்தாங் அங்கிருந்து கிழக்கே இரண்டு மைல். லாஞ்சா என்று இங்கே சொல்லும் ரிக்‌ஷாவை இழுப்பவர் சேலத்துக்காரர், எட்டணா கேட்டார்.

"டிராம் ஒரணாதானே?"

"டிராம் இன்னிக்கி ஓடாது சாமி. கம்பி அறுந்து கெடக்கு."

அவர் வாயை மூடுவதற்குள் டிராம் மணியடித்துக்கொண்டு எங்களைக் கடந்தது. மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. "இப்பத்தான் கட்டியிருப்பாங்க" என்றார். நான் அடுத்த டிராமில் ஏறிக்கொண்டேன். அரிசி ஆலை உமி காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது. பகலெல்லாம் பசுந்தாங் கடைகளில் மரைக்காயரைப் பற்றி விசாரித்தேன். எல்லாரும் நல்லவர் என்றே சொன்னார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஓடையோர மரவீட்டு மாடியேறினேன். மரைக்காயர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, கையை மட்டும் நீட்டினார். சரியான கர்வக்காரர் என்று முடிவுகட்டினேன். அவர் மனைவி மா தீன், பர்மியப் பெண், விரிப்பைக் கொண்டுவந்து மேற்கு ஜன்னலைப் பார்க்க விரித்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

அழகான சரக்கு. நடுவில் மஞ்சிட்டிச் சிவப்பில், தொழும் திசை காட்டும் வளைவாகத் தொழுகை மாடம், மேலே அதன் முனை, சுற்றிலும் அவுரி நீலக் கரை. துருக்கி நாட்டில் கோர்தெஸ் என்ற ஊரின் வேலை. பாவு நூல் இரண்டையும் சுற்றி நடுவில் இழுத்துவிடும் முடிச்சுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். புரட்டி எண்ணினேன், முடிச்சு சரி. நீலம் பாதியில் நிறம் மாறியது. அது குறையல்ல, கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் காய்ச்சிய காலத்து அடையாளம். சாயப்பொடி வந்தபிறகு துருக்கியிலேயே பழசைப் பார்த்துப் புதிதாக நெய்து, வெயிலில் போட்டு வெளுக்க வைத்து விற்கிறார்கள். அதனால் ஈரக் கைக்குட்டையால் தேய்த்தேன். சாயம் ஒட்டவில்லை. கம்பள மயிரைப் பிரித்தேன். நுனியும் அடியும் ஏறக்குறைய ஒரே சிவப்பு; வெயிலில் வெளுக்க வைத்திருந்தால் நுனி மட்டும் வெளிறியிருக்கும்.

ஆனால் ஒன்று உறுத்தியது. தொழுகை விரிப்பு தேய்ந்தால் இரண்டு முழங்கால் பட்ட இடமும் தேயவேண்டும். இதில் இடதுபக்கம் நூல் தெரிய ஒரு வழுக்கை, வலதுபக்கம் புத்தம்புதுசு. கீழே வலது ஓரத்தில் மட்டும் சம்பந்தமில்லாமல் இன்னொரு தேய்மானம். போலி செய்கிறவன் அவசரத்தில் இடம் மாற்றித் தேய்த்திருக்கிறான்! அகப்பட்டார் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

"மரைக்காயரே, இது தொழுது தேஞ்சதில்ல. யாரோ செங்கல்ல வச்சு ஒரசியிருக்கான்."

அவர் முகம் சிவந்தது. "வாப்பா ஜித்தாவுலேந்து தோள்ல சுமந்து கொண்டாந்தது தம்பி. அவுக விரிக்காம பொட்டியிலயே வச்சிருந்தாக. மவுத்தான பொறவு முப்பது வருசமா நான் தொழுவுறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஸர் தொழுவுற நேரமாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

மா தீன் வந்து தோள் கொடுத்தார். அப்போதுதான் மரைக்காயர் எழுந்தார். வலது கால் மடங்கவில்லை, கட்டைபோல நீட்டியபடியே வந்தது. தொழுகையில் குனிந்து நெற்றியை மாடத்து முனையில் வைத்தபோது, இடது முழங்கால் அந்த வழுக்கையில் போய்ப் பொருந்தியது. பின்னால் நீட்டிய வலது காலின் விரல்நுனி, கீழோரத் தேய்மானத்தில் அப்படியே உட்கார்ந்தது.

ஈரக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவமானம்! தொழுது முடித்தவர் என் பக்கம் திரும்பி, அந்த வலது முழங்காலைத் தட்டினார்.

"சின்ன வயசுலயே கப்பல் கிடங்குல விழுந்து ஒடஞ்சது. நீங்க சொன்ன செங்கல் இதுதான்."

மன்னிப்புக் கேட்டேன். பேரம் பேசாமல் முந்நூறு கொடுத்தேன். சென்னையில் முதலாளி விரிப்பின்மேல் ஒரு குடம் தண்ணீரே ஊற்றிப் பார்த்துவிட்டு என்னை வேலையில் வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாசிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. துறையிலிருந்து டிராம்தான் நல்லது. கம்பளம் வாங்குவதானால் பகல் வெளிச்சத்தில் முடிச்சையும் மயிர் அடியையும் பாருங்கள். தேய்மானத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமுன் அதில் தொழுதவரையும் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நான் கொடுத்த மூன்று நூறு ரூபாய்த் தாள்களையும் மரைக்காயர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பி, நீண்ட நேரம் பார்த்தார். வெளிச்சத்தை மறைக்காமல் நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.